மெதுவாக ஏறிய நீலம்

சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்க சார், சயின்ஸா இருந்தாலும் பரவாயில்லை" என்றார். அந்தப் 'பரவாயில்லை'யை மன்னித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

1974இல் என்னோடு எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு மாடி லேப் மறந்திருக்காது. இருபது பேருக்கு ஒரே ஒரு கிளெட் கலோரிமீட்டர். அன்றைக்குப் பாஸ்பரஸ் அளவிடும் பயிற்சி. சோதனைக் குழாயில் அமிலம் கலந்த மாலிப்டேட்டை ஊற்றி, பழுப்பு பாட்டிலிலிருந்து 'அன்சா' கரைசலைச் சேர்த்தால், தண்ணீர் மாதிரி இருந்தது நீலமாகும். பாஸ்பேட் எவ்வளவோ அவ்வளவு நீலம். பத்து நிமிஷத்தில் ரீடிங் எடுத்துவிட வேண்டும் என்பது கட்டளை. நான் கியூவைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஆட்டு ஈரல் சாறு இருந்த குழாயில் நீலம் கூடியிருந்தது. டிமான்ஸ்ட்ரேட்டர், "என்னய்யா, நிறம் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டு, ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் 'லேட் ரீடிங்' என்று எழுதினார்.

அந்த முறைக்குப் பெயர் பிஸ்கே-சப்பரோ முறை. அப்படித்தான் நாங்கள் உச்சரித்தோம். கடைசியில் ஒரு 'டபிள்யூ' இருந்ததால் சப்பரோ என்பவர் ஜப்பான்காரர் என்றே நம்பினோம். வகுப்பில் யாரும் திருத்தவில்லை. 1995இல் அஞ்சல் துறை ஒரு நூற்றாண்டுத் தபால் தலை வெளியிட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. சப்பரோ இல்லை, சுப்பாராவ். எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பீமவரத்தில் 1895இல் பிறந்தவர். மூன்றாவது முயற்சியில், சென்னை ஹிந்து ஹைஸ்கூலிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தி அறுவை வகுப்புக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முடிவில் கையில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சென்னையிலேயே ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் சொன்னார். 1922இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1925இல் வெளியிட்டதுதான் நாங்கள் செய்த அந்த நீல முறை. அதற்கு முன்னால் இருந்த முறைகளில் நிறம் முழுசாக வர அரை மணி ஆகும். இவர்கள் அதைச் சில நிமிஷமாக்கினார்கள். வேகம் கூடியது, அவ்வளவுதானே என்று தோன்றும். கதையே இங்கேதான் இருக்கிறது.

தசைச் சாற்றை இந்தப் புது முறையில் அளந்தபோது நீலம் சட்டென்று வரவில்லை. மெதுவாக, விட்டு விட்டு ஏறுவதுபோல ஏறிக்கொண்டே இருந்தது. சாற்றில் பாஸ்பேட் எதனுடனோ ஒட்டிக்கொண்டு இருக்கிறது, அமிலத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். பழைய முறையில் அரை மணி காத்திருப்பதற்குள் எல்லாம் கழன்றுவிடும். சாதாரணப் பாஸ்பேட் என்றே கணக்கில் சேர்ந்துவிடும். ஒட்டியிருந்தது கிரியேட்டின். 1927இல் பாஸ்போகிரியேட்டின் என்று அறிவித்தார்கள். தசை வேலை செய்தால் அது குறைகிறது, ஓய்வெடுத்தால் மீண்டும் சேர்கிறது. லண்டனில் எகில்டன் தம்பதியும் அதே வருஷம் இதே பொருளைக் கண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தசை சுருங்குவதற்குக் காரணம் லாக்டிக் அமிலம் என்பதே அன்றைய கொள்கை. அதை ஆராய்ந்த ஹில், மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்திருந்தது. 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி தசைக்கு விஷம் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் தசை சுருங்கியது, பாஸ்போகிரியேட்டின்தான் தீர்ந்துபோனது. பழைய கொள்கை அத்தோடு போச்சு.

இதற்கிடையில் 1929இல் தசையிலிருந்து ஏ.டி.பி. பிரித்தெடுக்கப்பட்டது. மேயர்ஹாஃப் ஆய்வகத்தைச் சேர்ந்த லோமன் ஆகஸ்டில் வெளியிட்டார், ஃபிஸ்க்கும் சுப்பாராவும் அக்டோபரில். முதலில் அச்சில் வந்தது லோமன். நம்ம ஊர்ப் பாசத்தில் சிலர் சுப்பாராவ் ஒருவரே ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்ததாக எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் பல பாடப் புத்தகங்களில் லோமன் மட்டும் நிற்கிறாரே, அதுவும் நியாயமில்லை.

பாஸ்போகிரியேட்டின் கையிருப்புச் சில்லறை மாதிரி, ஏ.டி.பி.தான் கடையில் செல்லும் காசு. சில்லறையைக் காசாக மாற்றித் தருவது ஒரு என்சைம், அதை லோமனே 1934இல் காட்டினார். நம் உடம்பில் ஒரு சமயத்தில் இருக்கும் ஏ.டி.பி. சில நூறு கிராமுக்குள்தான். ஒரே நாளில் அது உடைந்து, சேர்ந்து, மறுபடி உடைந்து, கிட்டத்தட்ட நம் எடை அளவுக்குப் புழங்குகிறது. தசை மட்டுமே செலவாளி என்று நினைத்துவிடாதீர்கள். 1957இல் டென்மார்க்கில் ஸ்கௌ என்பவர் நண்டுக்கால் நரம்பின் சவ்வில் ஏ.டி.பி.யை உடைக்கும் ஒரு என்சைமைப் பிடித்தார். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து இருந்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். ஒரு ஏ.டி.பி. செலவில் மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. இந்த வரியை நீங்கள் படிக்கும்போதும் மூளை தன் சக்தியில் பெரும் பங்கை இந்தப் பம்புக்குத்தான் கொட்டிக்கொண்டிருக்கிறது. அவரும் அந்த என்சைமைப் பிடித்தது, விடுபட்ட பாஸ்பேட்டை அளந்துதான். 1997இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போய், போலிக் அமிலம், யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் என்று அவரது குழு செய்தவை தனிக் கட்டுரைக்கு உரியவை. 1948இல், 53 வயதில் காலமானார்.

என் ரெக்கார்டு நோட்டைப் போன மாதம் பரணிலிருந்து இறக்கினேன். என் ஈரல் சாற்றில் இருந்தது பாஸ்போகிரியேட்டின் என்று சொல்ல வரவில்லை. ஈரலில் அது சேமிப்பாக இருப்பதில்லை, என் டீதான் காரணம். ஆனாலும் அந்தச் சிவப்பு மைக்குக் கீழே, நிறம் ஏன் ஏறியது என்று ஒரு வரிகூட நான் எழுதி வைக்கவில்லை. பக்கத்தின் தலைப்பில் என் கையெழுத்தில் 'சப்பரோ' என்றே இருக்கிறது. பேனாவை எடுத்து அதை மட்டும் திருத்தினேன்.