கால் அங்குலத்தின் கதை

ஹென்றி ஃபோர்டு 1932ஆம் ஆண்டில் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் காரை விற்கத் தொடங்கினார். 221 கன அங்குலக் கொள்ளளவு, 65 குதிரைத்திறன். வால்வுகள் பிளாக்கினுள்ளேயே பக்கவாட்டில் அமைந்தமையால் சிலிண்டர் தலை ஒரு தட்டையான மூடிபோல் இருந்தது. 'ஃபிளாட்ஹெட்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இந்தக் கார்கள் பழையனவாகித் தென் கலிஃபோர்னிய இளைஞர்களின் கைக்கு வந்தன. மட்கார்டையும் கூரையையும் கழற்றி எறிந்துவிட்டு, மியூராக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப்படுகைகளில் அவற்றை ஓட்டினார்கள். பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937இல் ஒரு சங்கமும் அமைந்தது. போர் முடிந்து திரும்பியவர்களிடம் கைத்திறன் இருந்தது, பணம் குறைவு. ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் யோசித்தே வாங்க வேண்டியிருந்தது.

அவற்றுள் அதிகம் யோசிக்க வைத்தது கிராங்க் ஷாஃப்ட். சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்தலாம். ஆனால் வார்ப்பின் சுவர் மெலிந்தால் பிளாக்கே வீண். பிஸ்டனின் வீச்சை நீட்ட வேண்டுமானால் வேறு கிராங்க் வேண்டும். 1949இல் ஃபோர்டு நிறுவனத்தின் மெர்குரி கார் அதைக் கொண்டுவந்தது. ஃபோர்டில் வீச்சு மூன்றே முக்கால் அங்குலம், மெர்குரியில் நான்கு. கால் அங்குலம்தானே என்று தோன்றும். அதே சிலிண்டர் விட்டத்தில் 239 கன அங்குலம் 255 ஆகிவிடுகிறது. விட்டத்தையும் 3⅜ அங்குலமாக்கினால் 286.

போருக்குப் பிந்தைய ஃபோர்டு பிளாக்கில் இது பெரிய வம்பின்றி உட்காரும். 1932ஆம் ஆண்டுப் பிளாக்கில் மெயின் பேரிங் சிறியது, அதில் நுழையாது. கனெக்டிங் ராட் நீளம் ஒன்றே என்பதால் பிஸ்டன் அரைக்கால் அங்குலம் கூடுதலாக மேலேறும்; அதனால் பின் அந்த அளவு உயரத்தில் அமைந்த பிஸ்டன் தேவை. இதை மறந்து கிராங்கை மட்டும் வாங்கியவர் பணத்தை இருமுறை செலவழித்திருப்பார்.

இன்னும் பேராசைக்காரர்கள் மெர்குரி கிராங்கின் ராட் ஜர்னலை மையம் விலக்கிச் சாணை பிடித்தனர். 2.139 அங்குல விட்டத்தைப் பழைய ஃபோர்டின் இரண்டு அங்குலத்துக்குக் குறைத்தால் வீச்சு மேலும் அரைக்கால் அங்குலம் கூடும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் மூன்றே மூன்று மெயின் பேரிங் தாங்கும் தண்டை மெலியச் செய்வது எனக்கு உவப்பானதல்ல.

நீண்ட வீச்சை மறுத்தவர்களிடமும் நியாயம் இருந்தது. நிமிடத்துக்கு 5000 சுழற்சியில் ஃபோர்டின் பிஸ்டன் 3125 அடி பயணிக்கும். மெர்குரியில் அது 3333. வேகமாகச் சுழற்ற விரும்புபவனுக்கு இது கூடுதல் சுமை. ஆனால் ஃபிளாட்ஹெட் மூச்சுத்திணறும் இஞ்சின். காற்று வளைந்து நெளிந்தே உள்ளே போக வேண்டும். அதிகச் சுழற்சியில் அதற்குப் பலம் கிடைப்பதில்லை. தாழ்ந்த சுழற்சியில் இழுவை தரும் நீண்ட வீச்சுதான் அதன் இயல்புக்குப் பொருந்தியது என்பது என் எண்ணம்.

அமெரிக்க ஃபோர்டு கார்களில் 1953உடன் இந்த இஞ்சின் முடிந்தது. இன்று நாலேகால் அங்குல வீச்சு வரையிலான புதிய கிராங்குகள் விற்பனைக்கு உண்டு. அசல் வேண்டுமென்பவர்கள் இன்னும் பழைய மெர்குரி கிராங்கைத் தேடுகிறார்கள். கிடைத்ததும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, காந்தமேற்றி, இரும்புத் தூள் தூவுவார்கள். விரிசல் இருந்தால் தூள் அங்கே கோடாகத் திரளும். அந்தக் கோடு தெரிந்துவிட்டால் தேடலை மறுபடி தொடங்க வேண்டியதுதான்.