தூணைத் தள்ளும் மண்

என் ஊர் தடா. சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் சாலையில் தமிழக எல்லையைத் தாண்டியதும் வரும். நான் படித்த காலத்தில் நெல்லூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். பக்கத்துப் பீமுலவாரிப்பாளையத்தில் மீனவர்கள் பழவேற்காடு ஏரியின் சேற்றில் கம்பு நட்டு வலை கட்டுவார்கள். கம்பு சாய்ந்திருப்பதைப் பார்த்து, "ஆழமா நடலையா தாத்தா?" என்று சிறுவயதில் ஒரு பெரியவரைக் கேட்டேன். "நட்டதெல்லாம் சரிதான் தம்பி. சேறு நகருது, கம்பையும் இழுத்துக்கிட்டுப் போவுது" என்றார். மண் பரிசோதனைத் தொழிலுக்காகக் குஜராத் வந்த பிறகே அந்தப் பேச்சின் பொருள் எனக்கு விளங்கியது.

2001 ஜனவரி 26 காலையை இங்குள்ள நம் குடும்பங்கள் மறக்க முடியுமா? காண்ட்லா துறைமுகத்தில் 22 மீட்டர் உயர அலுவலகக் கோபுரம் ஒன்று, 18 மீட்டர் நீளமுள்ள 32 கான்கிரீட் பைல்களின் மேல் நின்றது. மேலே சுமார் 10 மீட்டர் களிமண். அடியில் நீர் ஊறிய மணல். பூஜ் நிலநடுக்கத்தில் அந்த மணல் கூழாக இளகியது. மேலிருந்த களிமண் நீர்க்கரைப் பக்கம் நகர்ந்தது. கோபுரம் விழவில்லை. ஆனால் சாய்ந்தது. உச்சி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் விலகி, ஒட்டியிருந்த கட்டடத்தைவிட்டுப் பிரிந்தது. பைல்களின் தலையை இணைத்த கான்கிரீட் தளம் களிமண்மேல் அமர்ந்து பாரத்தில் பங்கு வாங்கிக்கொண்டது என்று சுபமாய் பட்டாச்சார்யா உள்ளிட்டோரின் 2009 ஆய்வு விளக்குகிறது.

சாதாரணமாகக் காற்றோ அதிர்வோ கட்டடத்தைத் தள்ளும்போது பைலைத் தாங்கிப் பிடிப்பது மண். மண்ணே நகரத் தொடங்கினால் கதை தலைகீழ். தாங்கியதே தள்ளுகிறது. இளகிய அடுக்கு பைலைப் பிடிக்காது. கெட்டியான அடுக்கு விடாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பைல் வளைகிறது, ஒடிகிறது.

ஜப்பானின் நீகாட்டா நகரில் 1964 ஜூன் 16 நிலநடுக்கத்துக்குப் பிறகு என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனக் கட்டடத்தைச் சிறிது பழுதுபார்த்துப் பயன்படுத்தினார்கள். 1985இல் தோண்டிப் பார்த்தால், பைல்கள் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் உடைந்து, ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தன. இருபது வருஷம் உடைந்த காலின்மேல் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள்! 1995 கோபே நிலநடுக்கமும் வந்த பிறகு, 1996இல் ஜப்பானின் நெடுஞ்சாலைப் பால விதிகள் நகரும் மண்ணின் தள்ளுவிசையையும் கணக்கில் சேர்த்தன.

சில ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். மண் பரிசோதனை அறிக்கை கேட்டதும், "இதையெல்லாம் யார் சார் கேக்கிறாங்க?" என்று சிரித்தார் விற்பவர். விடாமல் கேட்டு வாங்கினேன். நீர் ஊறிய தளர்ந்த மணலிலேயே பைலின் முனை முடிந்திருந்தது. கெட்டி மண்ணுக்கு இன்னும் 6 மீட்டர் போக வேண்டும். வீட்டில் சண்டை, இருந்தாலும் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.