ஆங்கிலத்தில் ‘நீ’ மறைந்த கதை

இடைக்கால ஆங்கிலத்தில் ஒருவரை அழைக்க ‘தௌ’, பலரை அழைக்க ‘யீ’ என இரண்டு முன்னிலைச் சொற்கள் இருந்தன. வினையும் அவற்றோடு இயைந்தே வந்தது: ‘தௌ ஆர்ட்’ என்றால் ஒருவர், ‘யீ ஆர்’ என்றால் பலர். பிரெஞ்சு வழக்கின் தாக்கத்தால் 13ஆம் நூற்றாண்டில் உயர்ந்தோரைத் தனியொருவராக இருந்தாலும் பன்மையில் அழைப்பது தொடங்கியது. செயப்படுபொருள் வடிவமான ‘யூ’ 16ஆம் நூற்றாண்டில் ‘யீ’யின் இடத்தைப் பிடித்தது. எண்ணிக்கையைக் காட்டிய சொற்கள் இப்படித்தான் தகுதியைக் காட்டும் சொற்களாயின.

மேலோர் தமக்குள் ‘யூ’ என்றனர். வேலையாட்களையும் பிள்ளைகளையும் ‘தௌ’ என்றனர். நெருக்கத்திலும் கோபத்திலும் ‘தௌ’ வந்தது. 1603இல் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலே மீது தேசத்துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தலைமை வழக்குரைஞர் எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே ‘தௌ’ என்று ஒருமையில் விளித்து இழிவுபடுத்தினார். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியமோ பழைய எண் வேறுபாட்டை மாற்றவில்லை. அதில் கடவுளும் ‘தௌ’, சாத்தானும் ‘தௌ’.

இந்தப் பழைய இயைபை வாழ்க்கை நெறியாகவே எடுத்துக்கொண்டவர்கள் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர். லெஸ்டர்ஷையரில் 1624இல் பிறந்த ஜார்ஜ் ஃபாக்ஸ், 1650களில் பரவிய அந்த இயக்கத்தின் முதன்மையானவர். செல்வர், ஏழை என்ற வேறுபாடு பாராமல் எவரையும் ஒருமையிலேயே அழைக்க வேண்டும், யாருக்கும் தொப்பியைக் கழற்றக் கூடாது என்பவை அவருடைய கொள்கைகள். எதிரே நிற்பவர் ஒருவர் என்றால் அவரைப் பலராகப் பேசுவது பொய். உயர்ந்தவருக்கு மட்டும் அப்படிப் பேசுவது முகத்துதி. இந்த வாதத்தை நிறுவ அவரும் ஜான் ஸ்டப்ஸ், பெஞ்சமின் ஃபர்லி ஆகியோரும் 1660இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டனர். ஆசிரியர்களும் பேராசிரியர்களும் ஒருமை பன்மை கற்றுக்கொள்வதற்கானது என்று தலைப்பிலேயே அறிவித்த நூல் அது. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் உட்படப் பல மொழிகளின் முன்னிலைச் சொற்கள் அதில் சான்றாக அடுக்கப்பட்டன. சிறுவர்கள் எழுத்துப் படித்த கைப்பிடிப் பலகையின் வடிவில் சில பக்கங்களுக்குச் சட்டமும் வரையப்பட்டிருந்தது. கற்றவர்களுக்கு அரிச்சுவடி நீட்டிய அந்தத் துணிவு இலக்கண வரலாற்றில் அரிது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. ‘தௌ’ என்று கேட்ட கனவான்கள் அடித்தார்கள், நீதிபதிகள் சினந்தார்கள். பிற்காலத்தில் கவிஞர் மில்டனுக்குப் படித்துக் காட்டிய குவேக்கர் தாமஸ் எல்வுட், தம் தந்தையையே அப்படி அழைத்தார். ஆக்ஸ்ஃபோர்டுஷையர் நிலக்கிழாரான அந்தத் தந்தை மகனை அடித்ததையும், மீண்டும் சொன்னால் பல்லை உடைப்பேன் என்று மிரட்டியதையும் எல்வுட் தம் தன்வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்.

குவேக்கர்களைத் தவிர்த்தால், 17ஆம் நூற்றாண்டின் முடிவில் ‘தௌ’ வழிபாட்டிலும் கவிதையிலும் வட்டாரப் பேச்சிலும் மட்டுமே எஞ்சியது. எல்லோருக்கும் ‘யூ’ என்றான பின் வினையின் எண் சிக்கலாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஒருவரிடம் ‘யூ வாஸ்’ என்றும் பலரிடம் ‘யூ வேர்’ என்றும் பேசுவது பரவலாக இருந்தது. இழந்த வேறுபாட்டை மக்கள் தாமாகவே மீட்டுக்கொண்ட வழி அது, நல்ல வழியும்கூட. ஆனால் பின்னாளில் லண்டன் ஆயரான ராபர்ட் லௌத், 1762இல் வெளியிட்ட இலக்கணத்தில் ‘யூ வாஸ்’ பெரும்பிழை என்று தீர்ப்பளித்தார். லௌத் முதலியோரின் விதிகளைத் தொகுத்து, யார்க் நகரின் பெண்கள் பள்ளிக்காக லிண்ட்லி மரே 1795இல் ஓர் இலக்கணம் வெளியிட்டார். பென்சில்வேனியாவில் பிறந்த மரேயும் ஒரு குவேக்கரே. அவருடைய நூல் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பள்ளிப் பாடமாயிற்று.

அமெரிக்கக் குவேக்கர்களின் வீட்டுப் பேச்சில் ‘தௌ’ உருமாறியது. செயப்படுபொருள் வடிவமான ‘தீ’ எழுவாயாகி, படர்க்கை ஒருமை வினையோடு ‘தீ இஸ்’ என்று வழங்கியது. ஃபாக்ஸ் வற்புறுத்திய இலக்கண இயைபு அவர் வழிவந்தோரிடமே நிலைக்கவில்லை. ஒருவரை ஒருவராக அழைக்கும் மரபு மட்டும் நெடுங்காலம் நின்றது.

பொது ஆங்கிலத்தில் ‘யூ’ ஒருவரைக் குறித்தாலும் இன்று பன்மை வினையையே ஏற்கிறது. எண்ணிக்கையைக் காட்டுவது வினையை அடுத்து வரும் பெயர்ச்சொல்: ‘யூ ஆர் எ டீச்சர்’ என்றால் ஒருவர், ‘யூ ஆர் டீச்சர்ஸ்’ என்றால் பலர். ‘யுவர்செல்ஃப்’, ‘யுவர்செல்வ்ஸ்’ என்ற இணையிலும் அந்த வேறுபாடு பிழைத்திருக்கிறது. இவை போதாத இடங்களில் பேச்சுவழக்கு புதுப் பன்மைகளை ஆக்கிக்கொண்டது: அமெரிக்கத் தென்மாநிலங்களில் ‘யால்’, அயர்லாந்தில் ‘யூஸ்’.