குதிரை வந்தது, லாடக்காரர் வரவில்லை

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு சங்கதி எழுதி வைத்திருக்கிறார். ஏடன், ஓர்முஸ் முதலிய துறைமுகங்களிலிருந்து வருஷாவருஷம் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கின. பொன்னைக் கொட்டி வாங்கினார்கள். ஆனால் வருஷம் திரும்புவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போச்சாம்! லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை. வியாபாரிகளும் அப்படிப்பட்டவர்களை வரவிடவில்லை. பழையது செத்தால்தானே புதியது விற்கும் என்கிறார் அவர்.

தீனியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும், பராமரிப்பின் பாடம் இன்றைக்கும் பொருந்தும். குதிரை வைத்திருப்பவர்கள் தினமும் குளம்பைத் தூக்கிப் பார்த்து, சாணத்தையும் கல்லையும் நீக்குங்கள். கெட்ட வாடையோடு கறுப்பாகக் கசிந்தால் அது அழுகல். சுத்தம் செய்து, ஈரமில்லாத தரையில் கட்டுங்கள். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவச் சொல்லுங்கள். நொண்டினால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.