பொறியின் உள் இடைவெளிச் சரிபார்ப்பு (ஸ்டாண்டர்டு ஹெரால்டு)

உள் இடைவெளிச் சரிபார்ப்பு என்பது, பிரித்து மீளக் கட்டப்படும் உள் எரி பொறியில் அசையும் பாகங்களுக்கு இடையேயுள்ள இடைவெளிகளை அளந்து, அவை உரிய வரம்புக்குள் உள்ளனவா என உறுதிசெய்யும் பணியாகும். இக்கட்டுரை ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தின் பொறியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பணியை விளக்குகிறது.

பின்னணி

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு மகிழுந்தைத் தயாரித்தது. அதன் 948 கன செ.மீ. பொறியும், 1962இல் பிரித்தானியாவில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் ரக மகிழுந்தின் 1147 கன செ.மீ. பொறியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ள ஒரகடத்திலும், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் பின்னாளில் பெரிய வாகனத் தொழிற்சாலைகள் எழுந்தன. பெருந்தொழிற்சாலையில் புதிய பாகங்கள் வரையறுத்த அளவுகளில் வந்து சேர்கின்றன. பழைய பொறியிலோ ஒவ்வொரு பாகமும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருக்கும். எனவே எந்த இடைவெளியையும் அளக்காமல் ஏற்க இயலாது.

தாங்கி இடைவெளி

கிராங்க் தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே மசகெண்ணெய்ப் படலம் நிற்க இடம் வேண்டும். தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. ஏறத்தாழ 51 மி.மீ. விட்டமுள்ள தண்டுக்கு இது 0.05 மி.மீ. ஆகும். இடைவெளி இரட்டித்தால் எண்ணெய்க் கசிவு ஏறத்தாழ எட்டு மடங்காகி, எண்ணெய் அழுத்தம் குறையும். பிளாஸ்டிகேஜ் என்னும் மென்மையான இழையை இடையில் வைத்து மூடியை முறையாக முறுக்கிக் கழற்றி, இழை நசுங்கிய அகலத்தைக் கொண்டு இடைவெளி அறியப்படுகிறது. இழை உள்ளிருக்கையில் தண்டைச் சுழற்றக் கூடாது.

அச்சுவழி அசைவு

இப்பொறியில் மிகுந்த கவனத்துக்குரியது கிராங்க் தண்டின் முன்பின் அசைவாகும். பின்புற முதன்மைத் தாங்கியின் இருபுறமும் உள்ள அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் இதைக் கட்டுப்படுத்துகின்றன. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் தண்டு முன்னோக்கித் தள்ளப்படுவதால் பின்புற வாஷர் தேய்கிறது. மிகுதியாகத் தேய்ந்தால் அது நழுவி எண்ணெய்த் தொட்டியில் விழக்கூடும். அதன்பின் சுழலும் தண்டு வார்ப்பிரும்பு உடலையே அரைக்கும். அவ்வாறு கெட்ட உடலுக்கு மாற்று கிடைப்பது அரிது. டயல் கேஜால் அளக்கும்போது அசைவு 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்க வேண்டும். மிகுந்தால் தடித்த வாஷர் பொருத்தப்படும்.

பிஸ்டன் வளையமும் வால்வும்

பிஸ்டன் வளையத்தை உருளைக்குள் நேராக வைத்து, அதன் இரு முனைகளுக்கு இடைப்பட்ட வெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். வெளி போதாவிடில் வெப்பத்தில் முனைகள் முட்டி வளையம் உடையலாம். வால்வு இடைவெளி, பொறி குளிர்ந்த நிலையில் 0.25 மி.மீ. ஆகும். இதற்கு 'ஒன்பது விதி' பயன்படுகிறது: 8ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் 1ஆம் வால்வையும், 6ஆம் வால்வு திறந்திருக்கையில் 3ஆம் வால்வையும் சரிசெய்யலாம்.

வெப்பநிலை

அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைகிறது. ஹெரால்டின் 63 மி.மீ. பிஸ்டன் வெயிலில் 20 பாகை செல்சியசு கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.03 மி.மீ. பெருக்கும். ஆகவே பாகங்களையும் அளவுகோல்களையும் ஒரே நிழலில் ஓரிரவு வைத்திருந்து அளப்பதே நம்பத்தக்கதாகும்.