பூண்டுலோயாப் பூச்சியும் பெயரில்லாத பெண்ணும்

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பதிவுகளில் இலங்கை மலைநாட்டு ஊரான பூண்டுலோயாவின் பெயர் இருக்கிறது. தேயிலையோடு அல்ல, டன்சினன் நீர்வீழ்ச்சியோடும் அல்ல, பூச்சிகளோடு. ஊசியில் குத்திய அந்துப்பூச்சிகளுக்கும் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய செதில் பூச்சிகளுக்கும் கீழே இந்த ஊரின் பெயரும், பிடித்து அனுப்பியவரின் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன. அனுப்பியவர் எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் என்ற தோட்டத்துத் துரை.

1861இல் கொழும்பில் பிறந்த கிரீன், பூண்டுலோயா ஈட்டன் தோட்டத்தில் இருந்தவர். மற்றத் துரைமார் மரை வேட்டைக்குப் போன காலத்தில் இவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு செடிகளின் தண்டைத் தேடித் திரிந்தார். அதற்குக் காரணம் இருந்தது. 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டு வந்தது. அதில் தப்பிய செடிகள்மீது 1880களில் பச்சைச் செதில் பூச்சி ஏறியது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். தேயிலைக்கும் அதே கதி வருமோ என்ற அச்சம் மலைநாடு முழுவதும் பரவியிருந்தது.

கோப்பியைக் குடித்த அந்தப் பச்சைப் பூச்சியை 1889இல் அறிவியலுக்கு விவரித்துப் பெயர் சூட்டியவர் கிரீன்தான். தட்டையான, முட்டை வடிவப் பூச்சி. இலையின் நடு நரம்பை ஒட்டி உட்கார்ந்து சாறு உறிஞ்சும். உடல் மெல்லியது என்பதால் குடல் கறுப்புக் கோடாய் வளைந்து கிடப்பது மேலிருந்து பார்த்தாலே தெரியும். அது கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூஞ்சணம் படரும், எறும்பு மொய்க்கும். மறு வருடமே கிரீன் தேயிலையின் பூச்சிகளைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். பிற்பாடு பேராதனையில் அரச பூச்சியியலாளர் ஆனார். 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக வந்த ‘இலங்கையின் செதில் பூச்சிகள்’ என்ற பெருநூலுக்கு, நேரில் பார்த்துத் தானே படங்களை வரைந்தார். எந்தப் பூச்சி, எந்தச் செடியில், எந்த ஊரில் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு உண்டு.

பூண்டுலோயா அந்துப்பூச்சிகளுக்கு லண்டனில் இன்னொரு வாசகரும் கிடைத்தார். 1893இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காக இலங்கை அந்துப்பூச்சிகளின் படத்தொகுதியை வெளியிட்ட ஜோர்ஜ் ஹாம்ப்சன், ஒரு காலத்தில் நீலகிரியில் தேயிலை பயிரிட்டவர். 1902இல் கிர்கால்டி என்ற பூச்சியியலாளர் ஒரு தத்துப்பூச்சிப் பேரினத்துக்குப் பூண்டுலோயாவின் பெயரையே வைத்தார், அதில் ஓர் இனத்துக்கு ஏர்னஸ்ட் என்ற பெயரையும்.

பாடசாலை ஒப்படைக்குப் படம் தேடும் பிள்ளைக்கு இவை எல்லாம் இப்போது கைபேசியில் எட்டும். கிரீனின் நூலைப் ‘பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி’ தளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், பதிவிறக்கலாம். ஆனால் தேடும்போது ஒரு சங்கடம் வரும். வெள்ளைக்காரர் காலத்தில் ஊரின் பெயரை ஒரே மாதிரி எழுதவில்லை. புண்டுலோயா, புண்டலுஓயா, புண்டலோயா என்றெல்லாம் கேட்கும்படி ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஒரு எழுத்துக்கூட்டில் ஒன்றும் வரவில்லை என்றால் அடுத்ததைப் போட்டுப் பார்க்க வேண்டும், அல்லது சேகரித்தவர் பெயரால் தேட வேண்டும். படத்தை மட்டும் சேமித்து வைத்தால் போதாது. பதிவெண், அருங்காட்சியகத்தின் பெயர், உரிமைக் குறிப்பு மூன்றையும் அப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். கிரீன் 1949இல் இறந்தார். ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் கடந்துவிட்டதால் அவர் வரைந்த படங்களை எவரும் பயன்படுத்தலாம். ‘சி.சி.0’ என்ற குறி இருந்தாலும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

தோட்டத்து மனிதர்களைத் தேடப் போனால் கதை வேறு. ஜூலியா மார்கரெட் கமரன் இங்கிலாந்தில் டென்னிசனையும் டார்வினையும் படம் பிடித்துப் புகழ்பெற்றவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். களுத்துறையில் தோட்டத் தொழிலாளரையும் வேலைக்காரரையும் கமராவின் முன் நிறுத்தினார். 1879இல் டிக்கோயாப் பக்கத்தில் இறந்து பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். அவருடைய இலங்கைப் படங்களில் தப்பியவை முப்பதுக்கும் குறைவு. லொஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகம் 2013 முதல் தன் படங்கள் பலவற்றை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது, கமரனின் இலங்கைப் படங்களும் அதன் தொகுப்பில் உண்டு. லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

முகங்கள் தெளிவாக இருக்கின்றன. பெயர்கள் இல்லை. இங்கிலாந்தில் தன் வேலைக்காரப் பெண்ணின் பெயரைக்கூட அறியத் தந்தவர், இலங்கையில் ‘களுத்துறைக் குடியானவர்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். ஸ்கீன், ஸ்கோவன், பிளேட் போன்ற ஸ்டூடியோக்களும் ‘தமிழ்ப் பெண்’, ‘கொழுந்து எடுப்போர்’ என்றே விற்றன. செதில் பூச்சிக்குக் கிடைத்த ஊர், செடி, பெயர் மூன்றும், அதே செடியில் கொழுந்து எடுத்தவளுக்குக் கிடைக்கவில்லை.

அதனால் இந்தப் படங்களை ஒப்படையில் ஒட்டும் பிள்ளை, தலைப்பை அப்படியே பெயர்த்து எழுதாமல் படத்தில் தெரிவதை எழுதலாம். கூடையின் கயிறு தலையில் எப்படி மாட்டியிருக்கிறது, இடுப்பில் படங்கு கட்டியிருக்கிறதா, பின்னால் நிற்பவர் கங்காணியா என்று பார்க்கலாம். பிறகு வீட்டுப் பெட்டியைத் திறக்கலாம். பாட்டியின் பழைய அடையாள அட்டையிலும் சம்பளத் துண்டிலும் தோட்டத்தின் பெயரோடு ஆளின் பெயரும் இருக்கும். அந்த வகைப் பொருள்களைத்தான் 2007இல் கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களுக்குள் திறந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் திரட்டுகிறது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்தில் மலையக வெளியீடுகள் தமிழிலேயே கிடைக்கின்றன.