சிள்வீடும் சைரந்திரி வனமும்

பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காடு தாலுகாவிலுள்ள சைலண்ட் வேலியை நம்மில் அறியாதவர் இல்லை. சத்தமில்லாப் பள்ளத்தாக்கு என்று பொருள். கோடையில் காட்டையே அதிரவைக்கும் சில்வண்டு அங்கே இல்லை, அதனால் வெள்ளைக்காரர் இப்படிப் பெயர் வைத்தார் என்று சொல்வார்கள். சைரந்திரி வனம் என்ற உள்ளூர்ப் பெயரே அவர் வாயில் திரிந்தது என்பது இரண்டாவது கருத்து. சிங்கவால் குரங்கின் அறிவியல் பெயரான சைலீனஸ் என்பதிலிருந்து வந்தது என்பது மூன்றாவது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு பூச்சி இல்லை என்பதை வைத்து ஒரு காட்டுக்கே பெயர்க்காரணம் சொல்கிறார்களே, அதுதான் என்னை இழுத்தது.

மலையாளத்தில் இந்தப் பூச்சி சீவீடு. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் அதை மலையாளச் சொல் என்றே நினைக்கிறார்கள். ஆனால் அகநானூற்றுப் பாலைப் பாடல் ஒன்றில் சிள்வீடு வருகிறது. வற்றிய மரத்தில் அது தேர்மணி போல ஒலிக்கிறதாம். பாலைக்குரிய பொழுது வேனிலும் நண்பகலும். வெயில் ஏற ஏறச் சில்வண்டின் சத்தம் ஏறுவதைப் பார்த்தவர்தான் அப்படிப் பாடியிருக்க முடியும். குஞ்சுப் பருவத்தில் மண்ணுக்குள் வேர்ச்சாறு குடித்துப் பல ஆண்டு கிடந்து, வெளியே வந்து சில வாரமே வாழும் பூச்சி அது. கத்துவது ஆண் மட்டும்; வயிற்றோரச் சவ்வு அதிர்வதால் வரும் ஓசை.

தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது. எறும்பும் கரையானும் மூவறிவு, தும்பி நாலறிவு. எங்கள் சமண நூல்களும் புலன்களை எண்ணியே உயிர்களைப் பிரிக்கின்றன. விளக்கில் பூச்சி விழுந்து சாகும் என்று பொழுது சாயும் முன்பே சாப்பிட்டு முடிக்கும் வீடு எங்களுடையது. ஆகவே கொல்லாமல் பார்க்கவே பழகினேன்.

ஆங்கிலேயர் காலத்தில் பிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றி 1914-இல் நூல் எழுதினார். இராணுவ மருத்துவரான பிரேசர் தட்டான்களைப் பற்றி 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அவர்கள் ஊசி குத்திச் சேர்த்த மாதிரிகள் இல்லாவிட்டால் இன்று பல பூச்சிகளுக்குப் பெயர் சொல்ல முடியாது. அந்தக் கடன் நமக்கு உண்டு. ஆனால் ஒரே ஊரில் ஆண்டுதோறும் பருவத்தைக் குறித்து வைக்க அங்கேயே குடியிருப்பவன் வேண்டும்.

மலைச்சரக்கு வியாபாரத்துக்காக மறையூர், மூணாறு, நெடுங்கண்டம் என்று போய்வருகிறவன் நான். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி, இடம், நேரம், மரம் நான்கையும் எழுதுவேன். சைலண்ட் வேலியின் வாசலான முக்காலியில் சில்வண்டு கத்தியதும் அதில் இருக்கிறது. உள்ளே இல்லை என்கிறவர் எத்தனை நாள் காது கொடுத்தார் என்பதே கேள்வி. ஒரு நாள் வியாபாரம் நடக்கவில்லை என்றால் கடையில் சரக்கே இல்லை என்று எழுதிவிடுவோமா?

இது வெறும் பொழுதுபோக்கு இல்லீங்க. அந்தக் காட்டில் அணை கட்டும் திட்டம் வந்தபோது மக்கள் குரலோடு, அங்கே என்னென்ன உயிர் வாழ்கிறது என்று எழுதிய பட்டியல்களும் சேர்ந்து வாதாடின. 1984-இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. இடுக்கி ஏலக்காயும் தேனீ வந்து பூவைத் தொட்டால்தான் காய் பிடிக்கும். தேனீ குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால், முன்பு எவ்வளவு இருந்தது என்ற கணக்கு யாரிடமாவது இருக்க வேண்டுமே.

வரும் பங்குனி, சித்திரையில் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். முதல் சில்வண்டு கத்திய நாளை எழுதட்டும். தோட்டத்தில் வேலை பார்த்த பாட்டி அதை எப்படிக் கூப்பிடுவாள் என்பதையும் கேட்டு எழுதட்டும். பாட்டியோடு அந்தப் பேரும் போய்விடக் கூடாது.